புகையும் அடுப்பு, எரியும் அடுப்பு

மாரி தொடங்கினால் வன்னிக் குசினிகளில் இருமலும் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்துபோகும். சாரலுக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிடுவோம். ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்துபோய்ப் புட்டு அவிக்கும் அம்மாமார் அதைப் பெரிதாகச் சொல்வதுமில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வந்தபோது நகரத்து வீடுகள் பலவும் விறகுக்குத் திரும்பின. விறகடுப்பு இன்னும் நெடுங்காலம் எங்களோடு இருக்கப்போகிறது. அதைப் புகையாமல் எரிக்கப் பழகுவதுதான் இப்போதைக்குக் கைக்கெட்டும் வைத்தியம்.

புகை எங்கிருந்து வருகிறது?

காய்ந்த விறகின் எடையில் முக்கால்வாசி, சூடேறும்போது வாயுவாகக் கிளம்புகிறது. சுவாலையாக எரிவது அதுதான். போதிய சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் அதே வாயு எரியாமல் புகையாகிவிடும். ஆகவே கண்ணைக் கரிக்கும் புகை, நீங்கள் காட்டிலிருந்து சுமந்து வந்த விறகில் வீணாய்ப் போன பங்கு.

அந்தப் புகையில் 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். ஒரு கன மீற்றர் காற்றில் இவை 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். புகை சூழ்ந்த குசினியில் சமைக்கும் நேரத்தில் இது பல நூறைத் தொடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நியுமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சிகரெட்டைத் தொட்டறியாத பெண்களுக்கு நாட்பட்ட மூச்சுத்தடை நோயும், கண்புரையும் வருவதற்கு இந்தப் புகை ஒரு காரணம். கர்ப்பிணிகள் இதைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

காற்றுக்கு வழி

காலையில் முதல் வேலையாகச் சாம்பலை வாருங்கள். சாம்பல் ஏறினால் விறகுக்கு அடியில் காற்று நுழைய இடமில்லை. அடுப்பு வாயின் மேற்பாதி விறகுக்கு, கீழ்ப்பாதி காற்றுக்கு. உள்ளே இரண்டு மூன்று இரும்புக் கம்பித் துண்டுகளைக் குறுக்கே வைத்து அவற்றின்மேல் விறகை அடுக்கினால் தணலுக்கு அடியாலும் காற்று ஏறும். மொத்தக் கொள்ளி ஒன்றைத் திணிப்பதைவிட இரண்டு விரல் தடிப்பில் பிளந்த மூன்று நான்கை இடைவெளி விட்டு வையுங்கள். நுனி மட்டும் எரியட்டும்; எரிய எரிய உள்ளே தள்ளுங்கள்.

காற்று மிஞ்சினாலும் பழுதுதான். வாசலால் வாடைக்காற்று நேரே அடித்தால் சுவாலை பானைக்கு வெளியே சாய்ந்து, சூடு வீணாகி, எரியாத வாயு வெளியேறும். அந்தப் பக்கம் ஒரு மறைப்புக் கட்டுங்கள். ஊதுகுழலை அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் ஒன்றில் விறகு ஈரம், அல்லது காற்றுவழி அடைபட்டிருக்கிறது. ஊதுவதை நிறுத்திவிட்டு அதைத் திருத்துங்கள்.

இலங்கையில் 1980களில் உருவான அனகி அடுப்பு இந்த வேலையைச் சுலபமாக்குகிறது. ஒரே நெருப்பில் இரண்டு பானை ஏற்றலாம், மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறைவு. ஆனால் அதற்குப் புகைக்கூடு இல்லை. குசினிக்குக் காற்றோட்டம் தேவைதான்.

விறகின் ஈரம்

பச்சை விறகின் எடையில் பாதிவரை தண்ணீர். அத்தகைய ஒரு கிலோவை அடுப்பில் வைத்தால், சோறு வேகுமுன் அரை லீற்றர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பாலை, வீரை போன்ற வைர மரங்களைப் பங்குனி, சித்திரை வெயிலிலேயே பிளந்து, நிலத்தில் படாமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தாழ்வாரத்துள் வையுங்கள்.

மூட்டுவதற்குப் பன்னாடை, காய்ந்த ஓலை, சிரட்டை போதும். ஷொப்பிங் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அந்தப் புகையில் நச்சு அதிகம்.

குசினியும் தணலும்

பழைய ஓலைக் குசினியின் அரைச்சுவருக்கு மேலால் புகை தானாகப் போய்விடும். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த கல்வீடுகளில் அது கூரைக்குக் கீழேயே தேங்குகிறது. சுவரின் மேற்பகுதியில் எதிரெதிராக இரண்டு திறப்பு விடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள்.

புகை அடங்கிய தணல் இன்னும் ஆபத்து. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குளிருக்காகவோ பிள்ளைப்பெற்றவளுக்காகவோ தணல் சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைக்காதீர்கள். வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று, சத்தி வந்தால் உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.