ஏத்தப்பழமும் 34 பல்லும்

திருவனந்தபுரத்தில் சைக்கிள் மிதிக்கத் தொடங்குகிற எவருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் பொன்முடி ஆசை வந்துவிடும். நெடுமங்காடு, விதுரை வழியாகப் போனால் உச்சிவரை 55 முதல் 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 1100 மீட்டர் உயரம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்ததும் அங்கேதான்.

என் அக்கா மகனுக்கும் அந்த ஆசைதான். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. "மாமா, காசு கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், கார்பன் பிரேம் எடுக்கட்டுமா?" என்றான், டீ வருவதற்கு முன்பே. "மக்களே, மொதல்ல ஒன் சைக்கிள் பின்சக்கரத்துல பெரிய பல்லுச்சக்கரத்துக்கு எத்தன பல்லுன்னு எண்ணிட்டு வா" என்றேன். எண்ணினான், 28. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக மிதிக்கிற பலரும் முதலில் கருவிக்கும், அப்புறம் பயிற்சிக்கும், கடைசியில் மிச்சமிருந்தால் சாப்பாட்டுக்கும் யோசிக்கிறார்கள். இந்த ஊரின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த வரிசை சரிப்படாது.

கார்பன் பிரேம் குறைக்கும் எடையின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 155 வாட் சக்தி வேண்டும். அதில் 140 வாட் போல புவியீர்ப்பே வாங்கிக்கொள்ளும். அப்படியானால் எடை குறைப்பது லாபம்தானே என்று தோன்றும். லாபம்தான், ஆனால் எவ்வளவு? ஒரு கிலோ என்பது 85-இல் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் ஏறும் மலையில் அது மிச்சம் பிடித்துத் தருவது நாற்பது விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிய விஷயம். மேலே போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறவருக்கு அந்த நாற்பது விநாடியால் என்ன பயன்?

கியருக்கு வருவோம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல். மூச்சு வாங்கி வேகம் 8 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால், இந்த கியரில் நிமிடத்துக்குக் கால் 52 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி இறுகும். பின்னால் பெரிய சக்கரத்தில் 34 பல் உள்ள கேசட்டை (பல்லுச்சக்கரத் தொகுதியை) போட்டால், அதே வேகத்துக்குக் கால் 63 சுற்று சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறையும். செலவு, கார்பன் பிரேமின் விலையில் சிறு துண்டு. பின்னால் கியர் மாற்றும் டிரெயிலியர் அவ்வளவு பெரிய பல்லுச்சக்கரத்துக்கு இடம் கொடுக்குமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

அடுத்த காசு டயருக்கு. பிரேமில் இடம் இருந்தால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் போடுங்கள். டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அழுத்தம் உச்ச வரம்பு, அதுவரை அடைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. 70 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். கல் மாதிரிக் காற்றடைத்த டயர் நம் சாலையில் துள்ளித் துள்ளிப் போகும், ஒவ்வொரு துள்ளலிலும் சக்தி வீணாகும். சீட் உயரத்துக்குக் காசே வேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி தானாகவே சரியான அளவு மடங்கும். முட்டிவலி என்று வருகிறவர்களில் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பயிற்சியில் நான் சொல்வதை முதலில் யாரும் நம்புவதில்லை. மெதுவாகப் போங்கள். நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உச்சத்தில் இருக்கும் தாக்குப்பிடிப்பு விளையாட்டு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்துச் சொன்னது இது: ஐந்தில் நான்கு பங்கு பயிற்சியை அவர்கள் எளிதான வேகத்திலேயே செய்கிறார்கள், மிச்சம் ஒரு பங்கைத்தான் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள். நம்மவர்கள் வாரத்தில் கிடைக்கும் மூன்று நாளும் பைபாஸில் யாரையாவது துரத்துகிறார்கள். அது மெதுவும் இல்லை, முழுவேகமும் இல்லை. களைப்புதான் சேர்கிறது. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுவே சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் சங்குமுகம், வேளி பக்கம் இப்படிப் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம். ஒரு நாள் நெடுமங்காட்டுச் சாலையின் ஏற்ற இறக்கங்களில் நாலைந்து நிமிடம் அழுத்தி, ஆறி, மறுபடி அழுத்துவது. ஞாயிற்றுக்கிழமை அருவிக்கரை அல்லது நெய்யாறு அணைவரை நீண்ட சவாரி. நீளத்தை வாரம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துவிடுங்கள். உடம்பு பலமாவது அந்த ஓய்வில்தான்.

இதயத்துடிப்புக் கருவியை அப்படியே நம்பிவிடாதீர்கள். புழுக்கத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் தோலைக் குளிரவைக்கவும் ரத்தம் ஓட வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஏ.சி. அறையில் வேலை, ஜிம்மில் பயிற்சி என்று இருந்துவிட்டு நேரே மார்ச் மாதத்தில் மலையேறப் போவது ஆபத்து.

இனி வியர்வை. வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். கடலோர நகரத்தில் காற்றே ஈரம் குடித்து நிற்கிறது, அதனால் காய்வது குறைவு, வழிவது அதிகம். விடிகாலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அதனால் ஐந்தரை மணிக்குக் கிளம்பியவரும் நெடுமங்காடு சேர்வதற்குள் நனைந்துவிடுவார். எவ்வளவு இழக்கிறீர்கள் என்று வீட்டுத் தராசிலேயே தெரிந்துகொள்ளலாம். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர், வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இதை மார்ச்சில் ஒரு தடவை, ஜூலை மழையில் ஒரு தடவை செய்து குறித்துவைத்தால் போத்தல் கணக்கு கைக்கு வந்துவிடும்.

அந்த லிட்டரை வெறும் தண்ணீரால் நிரப்புவதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் கம்மி. கூட ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வழிக்கடைகளில் உப்பு போட்ட நாரங்கா (எலுமிச்சை) சோடா கேட்டால் தருவார்கள், அது நல்லது. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவா என்று உறையில் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். வெறும் இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரில் விற்கப்பட்டதால்தான் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அளவு பொருந்தாதவை ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

சாப்பாட்டை விறகடுப்பு மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள், தணல் அணைவதற்கு முன்பே அடுத்த விறகு வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம். அழுத்தி மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீரத் தொடங்கும். தீர்ந்தபின் கால் கனக்கும், கண் மங்கும். அதற்கப்புறம் சாப்பிட்டு மீள நேரமாகும். அதனால் முதல் முக்கால் மணியிலேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஏத்தப்பழத்தின் (நேந்திரன்) சதையில் நூறு கிராமுக்குச் சுமார் 30 கிராம் இருக்கிறது. அவித்து எடுத்துப் போனால் வயிற்றுக்கு இதம். கடலை மிட்டாயும் கைகொடுக்கும், அதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் ஏற்றத்தில் வேண்டாம், சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை: கடையில் விற்கும் விலையுயர்ந்த தூள்களில் பலவும் செய்வது இதே வேலையைத்தான்.

காலையில் புட்டோடு பழம் சேர்த்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். கடலைக்கறி திரும்பி வந்தபிறகு. விதுரையில் பழம்பொரி வாசம் இழுக்கும், ஆனால் எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும். உச்சிக்குப் போய்விட்டு வந்து தாராளமாகச் சாப்பிடுங்கள். டீக்குத் தடையில்லை. அளவான டீ உடம்பின் நீரை உறிஞ்சிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. சீனி போட்ட கட்டன் சாயா கல்லாற்றில் கிடைத்தால் குடித்துவிட்டே ஏறுங்கள்.

மேலே போனவர்கள் இறக்கத்தைப் பற்றி யோசிப்பதில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும். மாற்றி மாற்றிப் பிடித்து விடுங்கள். ஈர நாளில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. துலாமாதத்தில் (ஐப்பசியில்) மதியத்துக்குமேல் இடிமழை வரும், பத்து மணிக்குள் உச்சியிலிருந்து திரும்பிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். நனைந்து வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், சங்குமுகத்து உப்புக்காற்று மறுநாள்வரை காத்திருக்காது.

இதெல்லாம் பழகியபின் அக்கா மகன் அடுத்ததாகக் கேட்கப்போவது 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி. அதற்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். வேகம் வேண்டாம், நின்று நின்று போனாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி போதும். களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினால் அந்த 200-ஐவிடச் சற்றே குறைவான தூரம்தான். கார்பன் பிரேமுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு நல்ல முன்விளக்கு, ஒளியைப் பிரதிபலிக்கும் மேலாடை, ஹெல்மெட், இரண்டு மாற்று டியூப் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கேசட்டை இந்த வாரமே மாற்றுகிறான்.