வரிசையில் முந்துவது யார்?

கார்த்திகை, மார்கழியில் எங்கள் கூடலூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டாலும் குமுளிச் சாலை திணறும். அந்தக் கூட்டத்திலும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வண்டிகள் ஒதுங்கும். சாலை அகலமாவதில்லை. யார் முதலில் போவது என்பதுதான் மாறுகிறது.

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒருநாள் இணையவழி மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது. விடையைச் சொடுக்கிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மாணவி பத்தாவது வினாவில் அப்படியே நின்றுவிட்டாள். நேரம் மட்டும் ஓடியது. “நான் சரியாத்தான் அமுக்குனேன் டீச்சர்” என்றாள், கண் கலங்கி. தேடிப் பார்த்தால், அலுவலக அறைக் கணினி ஒன்று பெரிய மென்பொருள் புதுப்பிப்பைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தது. யார் மேலும் தவறில்லை. இரண்டும் ஒரே வரிசையில் நின்றிருந்தன, அவ்வளவுதான்.

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட் வரை இருக்கும், அதாவது 12,000 பிட். இணைப்பின் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால், அதைக் கடத்த 0.6 மில்லிவிநாடி போதும். ஆனால் முன்னால் 1,000 பொட்டலங்கள் நின்றால் அந்த மாணவியின் சின்ன விடை 0.6 விநாடி காத்திருக்க வேண்டும். வரிசைக்கான இடம் நிரம்பிவிட்டால் புதிதாக வருவது கைவிடப்படும். அனுப்பிய கணினி அதை மறுபடி அனுப்ப வேண்டும். வட்டம் சுற்றுவது இதனால்தான்.

வரிசையைக் கணக்கிட முடியும் என்று 1909-இல் காட்டியவர் டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேருமுன் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். இதை அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

நெட்வொர்க் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை உதவிக்கு வந்தார். சாதாரண சுவிட்சில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. அமைப்புகளை மாற்றும் வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியோடும் ஆய்வகப் பராமரிப்பாளருக்குத் தெரிவித்தும்தான் தொட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உலாவியில் சுவிட்சின் முகவரியைக் கொடுத்து உள்ளே போனால் ‘கியூ.ஓ.எஸ்.’ என்ற பக்கம் இருக்கும். எந்தப் பொட்டலம் முக்கியம் என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம். எளியது, போர்ட்டை வைத்துச் சொல்வது: ஆய்வகக் கேபிள் செருகிய போர்ட்டில் வருவதெல்லாம் உயர்வரிசை. இரண்டாவது 802.1பி, 3 பிட்டில் 0 முதல் 7 வரை எண். மூன்றாவது டி.எஸ்.சி.பி.; 6 பிட், 64 மதிப்புகள். குரல் அழைப்புக்கு வழக்கமாக 46.

அடுத்தது, வரிசைகளை எப்படித் திறந்துவிடுவது என்பது. இதற்கு எங்கள் பள்ளத்தாக்கிலேயே பாடம் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. முதல்போகத்துக்குத் திறக்கும்போது விநாடிக்கு 200 கனஅடி பாசனத்துக்கு, 100 கனஅடி குடிநீருக்கு என்று பிரித்துச் சொல்வதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். சுவிட்சிலும் இப்படிப் பங்கு வைக்கலாம். நான்கு வரிசைகளுக்கு 8, 4, 2, 1 என எடை கொடுத்தால், எல்லா வரிசையிலும் ஆள் இருக்கும்போது ஒரு சுற்றில் போகும் 15 பொட்டலங்களில் 8 முதல் வரிசைக்கு, 1 கடைசி வரிசைக்கு. முறைப்பாசனம் மாதிரி. ‘கண்டிப்பான முன்னுரிமை’ என்று இன்னொரு முறையும் உண்டு: மேல்வரிசை காலியாகும் வரை கீழ்வரிசை நகராது. அளவில் சிறியதும் அவசரமானதுமான தரவுக்கு மட்டும் இதை வைக்க வேண்டும். இல்லையென்றால் கடைமடை காய்ந்துவிடும்.

எல்லாம் செய்து முடித்துச் சோதித்தோம். ஒரு மாற்றமும் இல்லை! வட்டம் சுற்றியது.

எங்கே தவறு? வரிசை எங்கள் சுவிட்சில் நிற்கவே இல்லை. சுவிட்சின் போர்ட் 1,000 மெகாபிட் வேகம். இணைய இணைப்போ 20. குமுளிச் சோதனைச் சாவடியில் வண்டிகள் தேங்கும்போது கூடலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று விசில் ஊதியது போலத்தான் எங்கள் வேலை. நெரிசல் இருக்கும் இடத்தில்தான் முன்னுரிமைக்குப் பொருள் உண்டு. பல கணினிகளின் தரவு ஒரே கேபிளில் சேரும் இடத்தில், உதாரணமாக ஆய்வகச் சர்வருக்குப் போகும் போர்ட்டில், சுவிட்ச் அமைப்பு பயன் தரும். இணைய நெரிசலுக்கு வேறு வழி வேண்டும்.

இரண்டு மாற்றம் செய்தோம். மோடத்துக்குப் போகும் போர்ட்டின் வெளியேறும் வேகத்தை, இணைப்பின் பதிவேற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தோம். வரிசை மோடத்தை விட்டு எங்கள் சுவிட்சுக்கு நகர்ந்து வந்தது. முன்னுரிமையும் வேலை செய்யத் தொடங்கியது. பதிவிறக்கத்துக்கு, அலுவலகக் கணினியின் போர்ட்டுக்கு 4 மெகாபிட் என வரம்பு வைத்தோம். வரம்பைத் தாண்டும் பொட்டலங்கள் கைவிடப்படும்போது, அனுப்பும் பக்கம் அதை உணர்ந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீதி ஆய்வகத்துக்கு.

எட்டாம் வகுப்பில் இதையே விளையாட்டாக நடத்தினேன். சிவப்பு அட்டை தேர்வு விடை, மஞ்சள் எமிஸ் பதிவு, வெள்ளை பதிவிறக்கம், மூன்று வரிசை. ஒரு கைதட்டலுக்கு ஒருவர் வாசலைத் தாண்டலாம். முதலில் கண்டிப்பான முன்னுரிமை. வெளியே போன சிவப்பு அட்டைக்காரர்கள் சுற்றி வந்து மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்க, வெள்ளை வரிசைப் பையன் ஒருவன், “டீச்சர், நாங்க இன்னிக்கு வீட்டுக்குப் போவமா?” என்றான். பிறகு 4, 2, 1 என்று எடை வைத்தோம். வெள்ளையும் நகர்ந்தது. இருபது நிமிடம் போதும். அட்டை தவிரச் செலவில்லை.

அடுத்த மதிப்பீட்டு நாளில் எல்லா மாணவர்களும் நேரத்துக்குள் முடித்தார்கள். மதியம் அலுவலக உதவியாளர் வந்து, “ஏன் டீச்சர், என் கம்ப்யூட்டர் மட்டும் காலையிலருந்து இழுக்குது?” என்று கேட்டார். தேர்வு முடிந்திருந்ததால் வரம்பை எடுத்துவிட்டேன்.