வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்த தந்தை, பிரிவுக்குப் பின் பராமரிப்புப் பொறுப்பைக் கோர முடியுமா? சட்டம் கூறுவது என்ன?

திருப்பதி: மனைவி பணிக்குச் செல்ல, கணவர் வீட்டிலிருந்து குழந்தையை வளர்க்கும் குடும்பங்கள் குறைவாக இருப்பினும் இல்லாமல் இல்லை. அத்தகைய தம்பதி பிரியும்போது, வருமானம் இல்லாத தந்தையிடம் நீதிமன்றம் குழந்தையை ஒப்படைக்குமா என்ற கேள்வி எழுகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வசிக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டிலும் உறவுகள் உள்ளன. எனவே, தாய் குழந்தையுடன் வேலூருக்கோ சென்னைக்கோ சென்றுவிட்டால் எந்த நீதிமன்றத்தை அணுகுவது என்பதும் அவர்களுக்கு முக்கியமான கேள்வியாகிறது.

பாதுகாவலர் வேறு, பராமரிப்பாளர் வேறு

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, தந்தையையும் 'அவருக்குப் பின்' தாயையும் இயற்கைப் பாதுகாவலர் எனக் கூறுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பது தந்தையின் மறைவுக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது என விளக்கியது.

எனினும், இயற்கைப் பாதுகாவலர் என்பதாலேயே குழந்தை தந்தையுடன் வசிக்க வேண்டும் என்றாகிவிடாது. கஸ்டடி எனப்படும் பராமரிப்புப் பொறுப்பை முடிவு செய்யும்போது குழந்தையின் நலனே முதன்மையானது என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு தெளிவுபடுத்துகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால்?

ஐந்து வயது நிறைவடையாத குழந்தை 'சாதாரணமாக' தாயிடமே இருக்க வேண்டும் என்று 6-ஆவது பிரிவு கூறுகிறது. தந்தைக்கு முன்னுள்ள பெரிய தடை இதுவே. 'சாதாரணமாக' என்ற சொல் விதிவிலக்குக்கு இடம் தருகிறது. ஆனால், தாயிடம் இருப்பது குழந்தையின் நலனுக்கு உகந்ததல்ல என்பதைத் தந்தையே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வருமானம் இல்லாதது தடையா?

வருமானம் உள்ளவருக்கே குழந்தை என்று சட்டம் எங்கும் கூறவில்லை. அனைத்து மதத்தினருக்கும் பொருந்தும் 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் மற்றும் இளவர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையின் வயது, பாலினம், மதம், பொறுப்பு கோருபவரின் குணநலன், திறன் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு கூறுகிறது. விவரம் அறிந்த வயதுடைய குழந்தையாயின் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்டறியலாம்.

பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவும் தந்தைக்கு மட்டும் உரிய கடமை அல்ல. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, அக்கடமையைத் தாய், தந்தை இருவருக்கும் விதிக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, போதிய வருமானம் இல்லாத கணவரும் வழக்குக் காலத்தில் ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம்.

எனவே, வீட்டிலிருந்த தந்தை தம் மனுவில் காட்ட வேண்டியது வங்கிக் கணக்கை மட்டுமல்ல; குழந்தையின் அன்றாட வாழ்வில் தாம் வகித்த பங்கையும்தான். தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டுகள், பெற்றோர் கையொப்பமிட்ட பள்ளி ஆவணங்கள், ஆசிரியர் மற்றும் அண்டை வீட்டாரின் சாட்சியம் போன்றவை அதற்கு உதவும்.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள்

2024 மே 8 அன்று, இரு குழந்தைகளின் பராமரிப்புப் பொறுப்பை ராணுவ அதிகாரியான தந்தையிடமே உச்ச நீதிமன்றம் வழங்கியது. பெற்றோர் பகிர்ந்து வளர்க்க வேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவு ரத்தானது. குழந்தைகளின் விருப்பம் அதில் முக்கிய இடம் பெற்றது.

2017-ஆம் ஆண்டு வழக்கில் முடிவு வேறாக இருந்தது. இரண்டு வயது நிறைவடையும் முன்பிருந்தே தந்தையிடம் வளர்ந்த எட்டு வயதுச் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதுவரை வளர்த்தவர் என்பது வலுவான வாதமே. ஆனால், அதுவே வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

எந்த நீதிமன்றத்தை அணுகுவது?

1890-ஆம் ஆண்டு சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனு செய்ய வேண்டும். குடும்பநல நீதிமன்றம் உள்ள பகுதியில் அங்கும், இல்லாத பகுதியில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனு அளிக்கலாம். பெற்றோரின் சொந்த ஊரோ திருமணம் நடந்த இடமோ இதில் அளவுகோல் அல்ல.

திருப்பதியில் பள்ளிக்குச் சென்றுவந்த குழந்தை சில வாரங்களுக்கு முன் வேலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தால், அதன் வழக்கமான வசிப்பிடம் எது என்பதைச் சூழ்நிலைகளின் அடிப்படையில் நீதிமன்றம் முடிவு செய்யும். எனவே, மனு செய்வதில் தாமதம் கூடாது. குழந்தையைத் தாமாகவே தூக்கி வருவது தந்தையின் வழக்கையே பலவீனப்படுத்தக்கூடும். அதற்குப் பதிலாக, 12-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கோரலாம்.

குடும்பநல நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து 30 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சித்தூர், திருப்பதி வழக்குகளுக்கு அது அமராவதியில் உள்ளது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பொருந்தும். தேசிய உதவி எண் 15100.

பொறுப்பு கிடைக்காவிட்டால்?

பராமரிப்புப் பொறுப்பு ஒருவருக்கு வழங்கப்பட்டாலும், மற்றவரின் அன்பைப் பெறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நேரில் சந்திப்பதுடன் காணொளி அழைப்பில் பேசவும் வழிவகை செய்யப்பட வேண்டும் என்றும் அது கூறியது. இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்கும் முறையைச் சட்ட ஆணையம் 2015-ஆம் ஆண்டு தனது 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

பராமரிப்பு உத்தரவு எதுவும் நிரந்தரமானது அல்ல. குழந்தை வளர்ந்து, சூழ்நிலை மாறும்போது அதை மாற்றக் கோரி மீண்டும் நீதிமன்றத்தை அணுகலாம். அப்போதும் குழந்தைக்கு எது நல்லது என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும்.