ஒரு சீட்டு மாறியதால் முடங்கிய தளம்

2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் 314 நிமிடங்கள் முடங்கிக் கிடந்தது. யாரும் ஊடுருவவில்லை, மின்சாரமும் போகவில்லை. பொறியாளர்கள் குபெர்னெட்டிஸ் மென்பொருளை 1.23 பதிப்பிலிருந்து 1.24-க்கு உயர்த்தினார்கள், அவ்வளவுதான்.

கூகுள் 2014-இல் அறிமுகப்படுத்திய இந்தத் திறந்தமூல மென்பொருள், நிரல்களை அடைத்து வைத்த ‘கன்டெய்னர்’களை எந்தக் கணினியில் ஓட்டுவது, நின்றுபோனதை எப்படி மீண்டும் எழுப்புவது என்பதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. இப்போது ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் ஆதரவு. அதன்பின் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் திருத்தம் வராது. ஓடுகிற வண்டியைத் தொடுவானேன் என்று இருந்துவிட முடியாது.

ரெடிட்டைக் கவிழ்த்தது ஓர் அடையாளச்சீட்டு. தலைமைக் கணினிகளுக்கு இருந்த ‘மாஸ்டர்’ என்ற சீட்டு அடிமை முறையை நினைவூட்டுகிறது என்பதால், ‘கன்ட்ரோல் பிளேன்’ என்ற புதிய சீட்டு 1.20 பதிப்பிலேயே வந்துவிட்டது. பழையது 1.24-இல் ஒரேயடியாக நீங்கியது. அங்கே தகவலுக்கு வழிகாட்டிய கேலிக்கோ என்னும் வலையமைப்பு மென்பொருளோ பழைய சீட்டையே தேடியது. கிடைக்கவில்லை; கணினிகளுக்கு ஒன்றையொன்று எட்டும் வழி அற்றுப்போனது.

கேலிக்கோவின் அந்த அமைப்பு பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. பழைய அமைப்பை நினைவில் வைத்திருப்பவர் எந்த நிறுவனத்தில்தான் இருக்கிறார்? பின்வாங்கவும் வழியில்லை. குபெர்னெட்டிஸில் முந்தைய பதிப்புக்கு இறங்க முறையான ஏற்பாடு கிடையாது. கடைசியில் காப்புப்பிரதியிலிருந்துதான் மீட்டார்கள். சீட்டைத் தேடிய வரியைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான்.