காற்றில் மணல் தேடி

வசந்த காலத்தில் ஜப்பானில் துணி காயப்போடும் முன் வானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. கோபி, தக்லமகான் பாலைவனங்களில் கிளம்பிய மஞ்சள் தூசி கடல் தாண்டி வந்து கார்க் கண்ணாடியில் படியும். 'கோசா' என்பார்கள்.

முன்பெல்லாம் அதில் என்ன இருக்கிறதென்று தெரிய, தூசியைக் கையில் பிடித்தாக வேண்டும். பம்பு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். வெள்ளை வடிதாள் பழுப்பேறும். அதை இடுக்கியால் எடுத்து, எடை பார்த்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் வருவதற்குள் தூசி பசிபிக்குக்கு மேல் போயிருக்கும். பிடிபட்டதும் தரையோரத்துத் தூசி மட்டுமே. தலைக்கு மேலே மூன்று கிலோமீட்டரில் போனது போனதுதான். பலூனோ விமானமோ வேண்டும். அடுக்குமண்டலத்தில் கந்தகத் துகள் படலம் இருப்பதை வளிமண்டல ஆய்வாளர் கிறிஸ்டியன் யுங்கே 1961-இல் சொன்னதும் பலூன் கொண்டுவந்த துகள்களை வைத்துத்தான்.

ஜப்பானின் ட்சுகுபா நகர ஆய்வாளர்கள் ததாரோவும் சுகிமோட்டோவும் 2005-இல் வெளியிட்ட வழி வேறு. தூசியைத் தொடவே வேண்டாம். 532 நானோமீட்டர் பச்சை லேசரை மேலே அடிக்கிறார்கள். திரும்புவதில் பெரும்பகுதி அதே பச்சை. காற்றின் நைட்ரஜன் 607-இல் ஆரஞ்சுக் கீற்று ஒன்றை அனுப்பும். மணலிலுள்ள குவார்ட்ஸ் 546-ஐ ஒட்டித் தலைகாட்டும். கண்ணுக்கு அதுவும் பச்சைதான், கருவிக்குத்தான் வித்தியாசம் தெரியும். உயரத்தை நேரமே சொல்லிவிடும்: ஒளி திரும்ப ஒரு மைக்ரோவினாடி கூடினால், தூசி 150 மீட்டர் மேலே.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் சூரிய ஒளியைத் திரவத்துக்குள் செலுத்திப் பார்த்த அதே நிறமாற்றம்தான் இது. அன்று வெளிச்சம் தந்த சூரியனே இன்று தொந்தரவு. இப்படி நிறம் மாறித் திரும்பும் ராமன் ஒளி அவ்வளவு மெல்லியது. பகல் வெளிச்சத்தில் அமுங்கிப்போகும் என்பதால் பெரும்பாலும் இரவு வேலை.

ஆனால் குவார்ட்ஸ் சுலபமான ஆள். படிகம், கூரான அடையாளம். புகைக்கரியும் சல்பேட் துளியும் அப்படிப் பெயர் சொல்லி அகப்படுவதில்லை. இப்படி லேசர் அடித்துப் பார்க்கும் கருவிக்கு லைடார் என்று பெயர்; வழக்கமான லைடார், திரும்பும் ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை, குலைந்திருக்கிறதா என்று பார்க்கும். குலையாவிட்டால் உருண்டைத் துளி, குலைந்தால் கோணல்மாணலான மண். 2024-இல் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோளும் ஏறக்குறைய இப்படித்தான் தூசியையும் புகையையும் பிரிக்கிறது. இதை வேதியியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நடையைப் பார்த்து ஊரைச் சொல்வது போலத்தான். அந்த ஊகம் சரியா என்று பார்க்க, பழைய பம்பின் பழுப்பேறிய தாளைத்தான் இன்றும் எடுக்கிறார்கள்.