சட்னி சிவப்பா இருக்கா... சிவப்பாக்கினாங்களா? கையேந்தி பவனில் தட்டை நீட்டும் முன் இதைப் படிங்க!

சென்னை:

சாயங்காலம் 6 மணி. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தால் போதும். பஜ்ஜி எண்ணெய் வாசனை ஒரு பக்கம், ஃபாஸ்ட் ஃபுட் கடையில் கரண்டி சட்டியில் மோதும் சத்தம் இன்னொரு பக்கம். வண்டியைச் சுற்றி நிற்கும் ஆட்களின் வாயில் இருந்து வரும் ஒரே வசனம், "அண்ணே, இன்னும் கொஞ்சம் காரச் சட்னி ஊத்துங்க!"

இட்லி எல்லா கடையிலும் ஏறக்குறைய ஒரே இட்லிதான். வாடிக்கையாளரைக் கட்டிப் போடுவது சட்னிதான். "அந்தக் கடைல சட்னி நல்லாருக்கும்பா" என்று சொல்லித்தான் கூட்டாளியைக் கூட்டிப் போகிறோம். ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது, எந்த காரம் எதற்கு ஜோடி, சாப்பிட்ட பிறகு வயிறு ஏன் எரிகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஊருக்கு ஒரு காரம்

மிளகாய் நம்ம ஊர் சரக்கே இல்லை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்க கண்டத்தில் விளைந்த இது, 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கப்பலில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகு போல் காரமாக இருக்கும் காய் என்பதால்தான் 'மிளகாய்' என்று பெயர் வந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே ஓரம் கட்டிவிட்டது!

தமிழ்நாட்டில் முக்கியமாக 2 ரகம். ஒன்று ராமநாதபுரம் குண்டு மிளகாய் என்கிற முண்டு. பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் மானாவாரியில் விளைவது. தோல் தடிப்பு, மணம் அதிகம். 2023-ல் இதற்கு புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னொன்று நீட்டு மிளகாய் என்கிற சம்பா. சுள்ளென்று ஏறும். கர்நாடகத்து பேட்கி, காஷ்மீரி மிளகாய் எல்லாம் நிறத்துக்கு. பார்த்தால் பயமுறுத்தும், நாக்கில் வைத்தால் சாது.

நல்ல சட்னி மாஸ்டர் ஒரே மிளகாயை நம்ப மாட்டார். மணத்துக்கு குண்டு, காரத்துக்கு நீட்டு, நிறத்துக்கு காஷ்மீரி என்று கலந்து போடுவார். இந்த மூன்றாவது அயிட்டத்துக்கு காசு கொடுக்க மனசில்லாத இடத்தில்தான் கலர் பொடி டப்பா உள்ளே வருகிறது. அந்தக் கதை பிறகு.

எதுக்கு எது ஜோடி?

முதலில் இட்லி. நெல்லை, கோவில்பட்டி பக்கத்து மிளகாய் சட்னியை சாப்பிட்டவர்கள் வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வர மிளகாய், சின்ன வெங்காயம், புளி, உப்பு. அவ்வளவுதான். வதக்குவது கிடையாது, பச்சையாகவே அரைத்து, மேலே நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றணும். எண்ணெய் ஊற்றுவது ருசிக்கு மட்டும் இல்லை. மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. எண்ணெய் சேர்ந்தால் காரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாக இறங்கும். மிளகாய்ப் பொடிக்கு நல்லெண்ணெய் விடுவதும் இதற்காகத்தான். நம்ம பாட்டிமார் கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, ஆனால் கணக்கு சரி.

தோசைக்கு தக்காளி, வெங்காயம், பூண்டு வதக்கி அரைத்த காரச் சட்னி. முறுகலான அயிட்டத்துக்கு கொஞ்சம் புளிப்பும் இனிப்பும் கலந்த காரம்தான் எடுபடும். செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்துக்கும் இதே வகைதான். பணியாரத்தில் தனி ருசி என்று எதுவும் இல்லை. சட்னி தூக்கிக் கொடுக்கணும்.

சேலம் போனால் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரு பக்கம் மிளகாய்-பூண்டு சிவப்புச் சட்னி, மறுபக்கம் கொத்தமல்லி-புதினா பச்சைச் சட்னி. கடித்ததும் முதலில் மொறுமொறு, அப்புறம் காரம், அப்புறம் பீட்ரூட்டின் லேசான இனிப்பு. ஒரு செட்டோடு நிறுத்தியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்! பக்கத்து கரூரில் அதே சட்னி ஜோடியைப் பொரியில் கலந்து 'கரம்' என்று கொடுப்பார்கள்.

சென்னைக்காரர்களுக்கு பாரிமுனை அத்தோ. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, அங்கிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். கடைகளையும் சொத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கையோடு கொண்டு வந்தது இந்தச் சாப்பாடு. பர்மா பஜார் பக்கம் இன்றும் தள்ளுவண்டியில் நடக்கிறது. நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டு கையாலேயே பிசைவார்கள். இதில் காரத்துக்கு சட்னி கிடையாது. வறுத்து இடித்த மிளகாய்த் தூளும் புளித் தண்ணியும்தான். பிசையும்போதே "காரம் தூக்கலாவா, மீடியமா?" என்று கேட்டுவிடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் ஏறினால் சூப்பை ஒரு வாய் குடி, மறுபடி ஆரம்பி.

பஜ்ஜிக்கு காரச் சட்னியை விட தேங்காய்ச் சட்னிதான் நம்ம ஓட்டு. மிளகாய் பஜ்ஜிக்கு காரச் சட்னி தொட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஃபாஸ்ட் ஃபுட் சிவப்பு சாஸ்

இப்போது தெருவுக்குத் தெரு ஃப்ரைடு ரைஸ் கடை. டேபிளில் ஒரு டப்பா சிவப்பு சாஸ், இன்னொரு டப்பாவில் வினிகரில் ஊறும் பச்சை மிளகாய். ஒழுங்கான கடையில் சிவப்பு சாஸ் எப்படித் தயாராகிறது என்றால், வர மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து வேகவைத்து, பூண்டோடு அரைத்து, எண்ணெயில் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் வினிகர், சர்க்கரை. 'செஸ்வான் சாஸ்' என்கிற பெயர் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இருந்து வந்தது. ஆனால் தட்டில் இருப்பது இந்தியாவிலேயே உருவான ருசி.

ஃப்ரைடு ரைசுக்கு இந்த சாஸ் ஏன் சேருகிறது? சோறு முழுக்க எண்ணெய். அந்தத் திகட்டலை வினிகரின் புளிப்பு வெட்டும். அதனால்தான் அதே சாஸை இட்லிக்குத் தொட்டால் நல்லா இருக்காது. இட்லி மாவிலேயே புளிப்பு இருக்கிறதே!

பிரச்சினை எங்கே என்றால், 5 லிட்டர் கேனில் லேபிளே இல்லாமல் வரும் மலிவு சாஸில். அதில் மிளகாயை விட சோள மாவும் ஆசிட்டும் கலரும்தான் அதிகம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். லேபிள் இருந்தால் ஒரு தடவை படியுங்கள். ஐஎன்எஸ் 260 என்றால் அசிட்டிக் ஆசிட், 211 என்றால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட். இவை அளவோடு அனுமதிக்கப்பட்டவை. லேபிளே இல்லாத கேனில் என்ன இருக்கிறது என்று கேட்க வழியே இல்லை.

கலர் கதை

மிளகாய்த் தூளில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்க சட்டத்தில் இடம் இல்லை. ஆனாலும் சேர்ப்பது நடக்கிறது. இதில் பெரிய வில்லன் சூடான் சாயம். மெழுகு, எண்ணெய், பாலிஷ் போன்றவற்றுக்கு நிறம் கொடுக்கத் தயாரிக்கப்பட்டது. 2003-ல் ஐரோப்பாவில் இது மிளகாய்த் தூளில் கண்டுபிடிக்கப்பட்டு பெரிய பிரச்சினை ஆனது. 2005-ல் இங்கிலாந்தில் ஒரு சாஸில் சேர்த்த மிளகாய்த் தூளில் இந்தச் சாயம் இருந்ததால், அந்த சாஸ் கலந்த 400-க்கும் மேற்பட்ட உணவு அயிட்டங்களைக் கடைகளில் இருந்து வாபஸ் வாங்கினார்கள். அந்தத் தூள் போனது இந்தியாவில் இருந்து என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது ரோடமின்-பி. துணிக்குப் போடும் சாயம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது இதனால்தான். அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை வந்தது.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளைத் தூவுங்கள். கலக்க வேண்டாம். சிவப்பு நிறம் கோடு கோடாக உடனே கீழே இறங்கினால் தண்ணீரில் கரையும் செயற்கை நிறம் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் கரகரவென்று தங்கினால் செங்கல் பொடியோ மணலோ இருக்கலாம்.

இதிலும் ஒரு விஷயம் கவனிக்கணும். சூடான் சாயம் எண்ணெயில் கரைவது. தண்ணீர் சோதனையில் சிக்காது. லேபில்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் 'தண்ணில பாஸ் ஆயிடுச்சு' என்று முழுசா நம்பிவிடவும் கூடாது. முழு மிளகாய் வாங்கி, காயவைத்து, மில்லில் கண் முன்னால் அரைப்பதே பத்திரம்.

சட்னியில் பார்ப்பது எப்படி? மிளகாயின் சொந்தச் சிவப்பு எண்ணெயோடு சேர்ந்து மேலே மிதக்கும். வதக்கி அரைத்த சட்னி செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வதக்கிய பிறகும் ரோஜா கலரிலோ பளீர் ஆரஞ்சிலோ மின்னினால், விரலில் ஒட்டியது சோப்பு போட்டும் போகாவிட்டால், சந்தேகப்படலாம். நல்ல சட்னி பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது!

வயிறு எரியுதா?

காரம் என்பது உண்மையில் ருசியே இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தட்டி விடுகிறது. கொதிக்கிற டீயை வாயில் ஊற்றியது மாதிரி மூளை ஏமாந்து, வேர்வையும் மூக்குத் தண்ணியும் விடுகிறது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு 2021-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இந்தக் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அதிகம்.

காரம் தலைக்கேறினால் பலரும் உடனே தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிப்பார்கள். பிரயோஜனம் இல்லை. தண்ணீரில் அது கரையாது, வாய் முழுக்கப் பரவும். மோர், தயிர், பால் குடிங்க. அதில் உள்ள புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துப் போய்விடும்.

"காரம் சாப்பிட்டு அல்சர் வந்துடுச்சு" என்பது நம்ம ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆனால் அல்சருக்கு முக்கியக் காரணம் மிளகாய் இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா கிருமியும், வலி மாத்திரையும்தான். கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-ல் நோபல் வாங்கினார்கள்.

மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். உடம்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் தினமும் வலி மாத்திரை போடுவது பலருக்குப் பழக்கம். வயிற்றைப் புண்ணாக்குவது அந்த மாத்திரை. பழி விழுவது சட்னி மேல். ஏற்கெனவே புண் இருப்பவர்களுக்கும் நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் காரம் தொந்தரவை அதிகமாக்கும் என்பது உண்மைதான். அவர்கள் குறைத்துக்கொள்ளணும். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ராத்திரி சட்னி

தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். காலையில் அரைத்ததை ராத்திரி தண்ணி விட்டு நீட்டிக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான். தேங்காய் சேர்க்காமல் எண்ணெயும் புளியும் போட்டு வதக்கிய காரச் சட்னி அதை விடத் தாக்குப்பிடிக்கும். ராத்திரி 9 மணிக்கு மேல் வெளியில் சாப்பிடுகிறவர்கள் வெள்ளைச் சட்னியை மோந்து பார்த்துவிட்டு கைவைக்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வீட்டில் செய்ய ஆசையா? 4 பேருக்கு குண்டு மிளகாய் 5, காஷ்மீரி 4 எடுத்து 20 நிமிடம் வெந்நீரில் ஊறவையுங்கள். ஒரு கை சின்ன வெங்காயம், 5 பல் பூண்டு, ஒரு தக்காளி நல்லெண்ணெயில் வதக்கி, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேர்த்து அரைத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கலர் பொடி இல்லாமலே சிவக்கும்.

கடையில் சட்னி, சாஸ் பற்றி சந்தேகம் வந்தால் மாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம். தமிழக உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு கடை இருக்கும் இடத்தைச் சொல்லி, போட்டோவோடு புகார் அனுப்பலாம்.