மருவும் மருத்துவர் குறிப்பும்

இளமை முழுவதும் வயல்வெளியிலோ கடலோரத்திலோ வெயிலில் காய்ந்து உழைத்த அமெரிக்க முதியவர் ஒருவர், நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் சொரசொரப்பான சிவந்த செதில்கள் தோன்றி, அவற்றுள் ஏதேனும் ஒன்று நாளடைவில் புற்றாக மாறிவிடுமோ என்ற அச்சத்துடன் தோல் வைத்தியரை நாடிச் செல்வாரானால், திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி அவற்றை உறையவைத்து அழிக்க அவ்வைத்தியருக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். அதன்பின் அவர் எழுதும் நான்கைந்து வரிகளோ நெடுந்தூரம் பிரயாணம் செய்கின்றன. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கும் ஓர் இளம் பட்டதாரி, அந்நோயாளியின் முகத்தை ஒருநாளும் காணாதவராக, அவ்வரிகளை மட்டுமே பிரமாணமாகக் கொண்டு சிகிச்சையை எண்களாக மாற்றுகிறார். அவ்வெண்களின்படி, முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் பணம் தருகிறது. ஆண்டுதோறும் நோயாளி முதலில் செலுத்த வேண்டிய தொகை தீர்ந்தபின், மெடிகேர் அங்கீகரித்த கட்டணத்தில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு நோயாளியையே சாரும். ஆகையால் குறிப்பில் நேரும் பிழை அந்த முதியவரின் பணப்பையையும் தொட்டே தீரும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட சிபிடி என்னும் குறியீட்டு நூலை 1983-இல் மெடிகேர் ஏற்றுக்கொண்டது. அந்நூலின்படி, ஆக்டினிக் கெரடோசிஸ் எனப்படும் இவ்வெயில் செதில்களை அழித்தால் முதலாவதற்கு 17000. இரண்டாவது முதல் பதினான்காவது வரை ஒவ்வொன்றுக்கும் 17003. பதினைந்தோ அதற்கு மேலோ ஆனால், முன்னிரண்டையும் விட்டு 17004 ஒன்றே. வைத்தியர் ‘பல செதில்கள் உறையவைக்கப்பட்டன’ என்று எழுதிவிட்டால், பதினொன்றை அழித்திருந்தாலும் அத்தனையையும் கணக்கில் ஏற்றக் கோடருக்கு அதிகாரமில்லை. பணத்தின் நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே தலையில் நான்கு செதில்கள் தென்படுமானால், அவை புதியனவா, அழித்தும் அழியாது நின்றனவா என்று நிர்ணயிப்பதற்கு, முந்தைய எண்ணிக்கையும் இடமும் அன்றி வேறு சாட்சியம் ஏது? அழித்த இடத்தில் மீண்டும் மீண்டும் தலைதூக்கும் செதிலை பயாப்ஸி செய்து பார்ப்பதன்றோ வைத்திய முறை?

செபோரிக் கெரடோசிஸ் என்னும் பழுப்பு நிறத் தடிப்பின் கதை வேறு. அது தீங்கற்றது, அழகுக்காக நீக்கினால் மெடிகேர் பணம் தராது. அது வீங்கிச் சிவந்தோ, அரித்தோ, உடையில் உராய்ந்து இரத்தம் கசிந்தோ துன்பம் தந்தால் மட்டுமே நீக்குவது அவசியமாகிறது. அப்போது நோய்க் குறியீடும் எல்82.1-இலிருந்து எல்82.0-ஆக மாறும். இங்கேதான் கணினிப் பதிவேட்டின் வசதி பெரும் ஆபத்தாக வந்து சேர்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ‘அரிப்பும் இரத்தக் கசிவும் உண்டு’ என்ற வாக்கியம் எல்லா நோயாளிகளின் ஏட்டிலும் ஒரே அச்சாக விழுமாறு செய்துவைத்திருப்பது, பணம் கொடுப்போரை ஏமாற்றுவதோடு நில்லாமல், மெய்யாகவே இரத்தம் கசிந்த ஒரு தடிப்பை அடுத்த வைத்தியர் அலட்சியம் செய்யவும் வழிகோலும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அறுத்து எடுக்கும் சிகிச்சையிலே அளவே பிரதானம். கட்டியின் மிகப் பெரிய குறுக்களவையும், அதனை முற்றிலும் நீக்க வேண்டிய ஓரத்தை இருபுறமும் சேர்த்தும், கத்தி வைப்பதற்கு முன்பே அளந்தெழுத வேண்டும். 1.8 சென்டிமீட்டர் கட்டிக்கு இருபுறமும் 0.3 விட்டால் 2.4 ஆகிறது. இதனை எழுத மறந்து, பரிசோதனைச்சாலையின் அறிக்கையை நம்பினால், அறுத்த தோல் சுருங்கும் இயல்புடையதாதலின், பார்மலினில் கிடந்த துண்டு 2.0-க்கும் குறைவாக நின்று, கீழ்ப்படிக் குறியீட்டிற்கு இறங்கிவிடலாம். தீங்கற்ற கட்டிக்கு 11400 வரிசையும் புற்றுக்கு 11600 வரிசையும் வெவ்வேறாக இருப்பதால், அறிக்கை வரும்வரை பில்லை நிறுத்திவைப்பதே நேர்மை. டி48.5 என்ற குறியீடு, திசுவை நுண்ணோக்கியில் கண்டபின்னும் அதன் போக்கு இன்னதென்று கூற இயலாத நிலைக்கே உரியது. பரிசோதனைக்கு முன் வைத்தியருக்கு உள்ள சந்தேகத்தைக் குறிக்க அதனை இடுவது, நோயாளியின் ஏட்டில் இல்லாத வியாதியை எழுதுவதாகும்.

இவை அனைத்தினும் மேலாக நான் கருதுவது இடத்தைக் குறிப்பதாகும். விஸ்கான்சின் மாகாணத்து வைத்தியர் பிரெடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கிய முறையில், புற்றை அடுக்கடுக்காக அறுத்து, ஒவ்வோர் அடுக்கையும் உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அறுப்பவரே பார்ப்பவராகவும் இருந்தால்தான் அதற்குரிய 17311 முதலிய குறியீடுகளை இடலாம். ஆனால் முதலில் பயாப்ஸி செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். சிகிச்சைக்கு நாள் வருவதற்குள் காயம் ஆறி, தழும்பும் மங்கி, வெயிலால் பழுதுபட்ட கன்னத்தில் பற்பல கறைகளிடையே உரிய இடம் எது என்று நோயாளியாலேயே காட்ட இயலாமற் போவதுண்டு. ‘இடது கன்னம்’ என்று மட்டும் எழுதியவர், அம்முகத்தில் தவறான இடத்தை மற்றொருவர் அறுக்கும் விபரீதத்திற்கு இடம் வைத்தவராவார். காதின் முன்மடலிலிருந்து இத்தனை, கண்ணின் வெளிமுனையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தெழுதி, ஒரு புகைப்படமும் சேர்த்துவிட்டால் அவ்விபரீதத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். அப்படத்திற்கென்று எவரும் தனிக்கட்டணம் தரமாட்டார்கள் என்பது அதனை விட்டுவிடக் காரணமாகாது.

குறிப்பில் குறை காணும் கோடர் வைத்தியருக்கு வினா அனுப்பலாம். ‘இரத்தம் கசிந்ததல்லவா?’ என்று விடையை ஊட்டும் வினா தகாது. ‘நீக்கியதன் காரணம் யாது?’ என்றே கேட்க வேண்டும். வைத்தியர் பின்னர் ஒன்றைச் சேர்ப்பதாயின், பிற்சேர்க்கை என்று வெளிப்படக் குறித்து, சேர்த்த தேதியும் கையொப்பமும் இட வேண்டும். அளவு நினைவில் இல்லையெனில் அதனை ஊகித்து எழுதாமல், ஏட்டில் உள்ளது தாங்கும் குறியீட்டையும் அதற்குரிய குறைந்த தொகையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் அவரே.